நம் தெருவுக்கு அடியில் கிடந்த தார்

அக்கா,

மகளுக்குப் பட்டுப்பாவாடை தேடி இன்று காலை சூட்கேஸைத் திறந்தேன். அந்துருண்டை வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. எனக்கு அது ஜெர்சி சிட்டியில் நாம் மேலும் கீழுமாகக் குடியிருந்த வீட்டின் வாசனை. உடனே உங்களோடு பேச வேண்டும்போல் இருந்தது.

நீங்கள் மாடியில், நாங்கள் கீழே. பேஸ்மென்ட் இரண்டு வீட்டுக்கும் பொது. அங்கே வாஷிங் மெஷின், என் மகளின் பொம்மைகள், சுவரோரம் உங்கள் புடவைப் பெட்டிகள். ஊரிலிருந்து கொண்டுவந்த அத்தனை பட்டுப்புடவைகளையும் இந்தக் குளிரில் எங்கே கட்டுவது? பெட்டிக்குப் பெட்டி அந்துருண்டையைப் போட்டுப் பூட்டிவைத்திருந்தீர்கள். அதனால் பேஸ்மென்ட்டில் அந்த வாசனை வந்தபோது யாருக்கும் சந்தேகமே வரவில்லை. “இட் ஸ்மெல்ஸ் லைக் ஆன்ட்டிஸ் சாரீஸ்” என்று என் மகளே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். என் கணவரின் கேலி வேறு. கடைசியில் உங்களுக்கே கூச்சமாகி, பெட்டிகளையெல்லாம் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் உங்கள் தம்பி வீட்டுக்கு அனுப்பினீர்கள்.

வாசனை மட்டும் போகவில்லை.

“பாத்தியா, என் பெட்டி இல்ல! இத்தன நாளா வீணா என்னையக் குத்தம் சொன்னீங்க” என்று கைதட்டிச் சிரித்தீர்கள். சிரிக்கும்போதே உங்கள் முகம் மாறியது. “அப்ப இது என்னம்மா?”

நகராட்சிக்கு நீங்கள்தான் கால் பண்ணினீர்கள். பரிசோதிக்க வந்தவர் பொறுமையாகச் சொன்னார். நம் பின்தெருவில் அந்தக் காலத்தில் ஒரு கேஸ் ஆலை இருந்ததாம். நிலக்கரியை மூடிய உலையில் வாட்டி வாயு எடுத்து, ஊர் விளக்குகளையும் அடுப்புகளையும் அதில்தான் எரித்தார்களாம். பிறகு குழாயில் இயற்கை வாயு வந்ததும் ஆலையை இடித்துவிட்டார்கள். வாயு எடுத்தபின் மிஞ்சிய தாரை மண் விழுங்கிக்கொண்டது. அந்துருண்டையில் இருக்கும் சரக்கு அந்தத் தாரிலும் உண்டு. மண்வழியாக நம் பேஸ்மென்ட்டுக்குக் கசிந்ததும் அதே வாசனைதான். வீட்டுக் காற்றைச் சோதித்துப் பார்த்துச் சொல்வதாகச் சொல்லிப் போனார்.

எனக்கு அப்போது ஐந்தாம் மாதம். மூத்தவள் இரண்டு வருடமாக விளையாடியதும் அந்தத் தரையில்தான். எனக்குச் சோறு இறங்கவில்லை.

முடிவு வரும்வரை என்னை அந்தப் படியில் கால் வைக்க விட்டீர்களா? பொம்மைகளை நீங்களே மேலே தூக்கி வந்தீர்கள். என் வீட்டு அழுக்குத் துணியையும் கூடையோடு பிடுங்கிக்கொண்டு இறங்கினீர்கள்.

“நீங்க மட்டும் போலாமாக்கா?”

“நான் தாரு ரோட்டுல நடந்து வளந்தவ, எனக்கு என்ன ஆகும்? நீ வயித்துப் புள்ளையோட சும்மா கெட.”

நீங்கள் சொன்ன விதத்தில் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

ஒருநாள் மதியம் போன் வந்தது. வீட்டுக் காற்றில் பயப்பட ஒன்றும் இல்லை, பின்தெரு மண்ணைத் தோண்டி அப்புறப்படுத்தப்போகிறோம் என்றார்கள். நான் சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்து, “அல்ஹம்துலில்லாஹ்” என்று சொல்லி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதீர்கள். அத்தனை நாளும் நீங்களும் பயந்துகொண்டுதான் இருந்தீர்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பையன் பிறந்தான். அவன் அழுத அழுகைக்கு, “நெஞ்சுல ஒரு கொறையும் இல்ல, ஜர்னல் ஸ்கொயர் ஸ்டேஷன் வரைக்கும் கேக்குது” என்றீர்கள். இப்போது பள்ளிக்குப் போகிறான். ஒரு இருமல் கிடையாது.

போன வருடம் நீங்கள் போய்விட்டீர்கள் என்று உங்கள் தம்பி போனில் அழுதபோது எனக்கு அழுகை வரவில்லை அக்கா. ஒன்றே ஒன்றுதான் கேட்கத் தெரிந்தது: “எதனால?” காற்று சுத்தம் என்று அன்றே சொல்லியிருந்தார்கள்தான். ஆனாலும் கூடையோடு நீங்கள் இறங்கிப் போனதுதான் கண்முன் நின்றது.

“ஹார்ட்தாம்மா. எங்க வாப்பாவுக்கும் இதே வயசுலதான் வந்துச்சு” என்றார்.

எனக்குப் பதிலாக நீங்கள் இறங்கிய படிகள் உங்களைக் கொண்டுபோகவில்லை. அது தெரிந்த பிறகுதான் எனக்கு அழவே முடிந்தது.