வகுப்புக்கு வெளியே இரண்டு பேர்

சின்னவளின் அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முதுகுவலி தேவலையா? தேய்த்துவிட ஆளில்லை என்று தைலத்தை மூலையில் போட்டுவிடாதீர்கள்.

இங்கே ஒரு வேடிக்கை. பத்தாம் வகுப்பில் இனப்படுகொலை பற்றிப் பாடம். அக்கம்பக்கத்தாரை இழுத்துப் போகும்போது ஊரே வாய்மூடி நின்ற படத்தைக் காட்டி, "நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்று கேட்டேன். "தடுத்திருப்போம் டீச்சர்" என்றார்கள் எல்லோரும். கடைசி பெஞ்சில் ஒருவன் சிரித்தான். எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, அவனை வெளியே போகச் சொன்னேன். வகுப்பே வாய்மூடி உட்கார்ந்திருந்தது. ஒருத்தி மட்டும் எழுந்தாள்.

"பயந்தா அவனுக்குச் சிரிப்புதான் வரும் டீச்சர்."

"உட்காரு" என்று அதட்டினேன். அவள் உட்காரவில்லை. வெளியே போய் அவன் பக்கத்தில் நின்றுகொண்டாள். மணி அடிக்கும்வரை நான் அவர்களை உள்ளே கூப்பிடவில்லை.

மறுநாள் மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வருகைப் பதிவுப் பெயர்கள்தான் வந்தன.

சின்னவள் சத்தம்போட்டுப் படிப்பதைப் பதிவுசெய்து அனுப்புங்கள். சாப்பிடும்போது அறை ரொம்ப அமைதியாக இருக்கிறது. அவள் உங்களை எதிர்த்துப் பேசினால், 'உட்காரு' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

மணி அடித்துவிட்டது, அதே வகுப்புதான். வருகிறேன்.

உங்கள் டீச்சரம்மா