பள்ளிவாசல் சுவரைப் பார்த்து வைத்த தொலைநோக்கி

என் உயிர் மச்சான்,

நீங்கள் மௌத்தாகிக் கண்மூடிய நாளிலிருந்து உங்கள் பொஞ்சாதி நான், கைம்பெண் நாலு மாதம் பத்து நாள் ஒதுங்கியிருக்கும் இத்தாவில், அறைத் திரைக்குப் பின்னால் இருக்கிறேன். அங்கிருந்தபடி கேட்டதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? சொல்லவே அருவருப்பாக இருக்கிறது.

உங்கள் ஆசைப்படி தொலைநோக்கியைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கலாமா என்று பார்க்க, இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு உங்கள் தம்பி இரண்டு பேரைக் கூட்டி வந்தார். ஒருவர் விஞ்ஞான மாஸ்டர், மற்றவர் பள்ளிவாசல் நிர்வாகத்து மரைக்கார்.

தொலைநோக்கித் தாங்கியின் அச்சு வடக்கே துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நின்றால்தான், பிடித்த நட்சத்திரம் வடக்கே தெற்கே வழுக்காது. கல்முனையில் அது அடிவானத்தோடு ஒட்டிக் கிடக்கிறது, அடுத்த வீட்டு வளவுத் தென்னைகள் வேறு மறைக்கின்றன. நீங்கள் என்ன செய்வீர்கள்? உச்சியில் ஒரு நட்சத்திரத்தைப் பிடித்து, கண்ணாடிக்குள் இருக்கும் நூலில் வைப்பீர்கள். நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். "வடக்கால வழுக்குது மச்சான்" என்பேன். தாங்கியைத் துளி திருப்புவீர்கள். "இப்ப?" "ஓம், நிக்குது."

மாஸ்டருக்கு அந்தப் பொறுமை ஏது? பெற்றோல்மாக்ஸைக்கூட அணைக்காமல், "கிப்லா மேற்குத்தானே. பள்ளிச் சுவரப் பார்த்து வடக்கப் புடிப்பம்" என்றார். நமது பள்ளிவாசல் கிப்லாவை, அதாவது மக்கா இருக்கும் திசையை, சரியாகப் பார்த்துக் கட்டியது. அதனால் நேர் மேற்கை விட்டு வடக்கே நன்றாகச் சாய்ந்திருக்கிறது. ஐந்து நேரமும் அங்கே தொழுகிறவர்களுக்கு அது தெரியவில்லை. அந்தச் சுவரை நம்பி அச்சைத் திருப்பியதும் நட்சத்திரம் நூலை விட்டு ஓடியது. ஓடாமல் என்ன செய்யும்?

பிழை விட்டதைக்கூடப் பொறுப்பேன். பிறகு கதைத்ததைப் பொறுக்கமாட்டேன். "சாமான் பழுது. பழைய பித்தளைக்காரனுக்குத்தான் ஆகும்" என்றார் மாஸ்டர். "மௌத்தானவர்ர மண்டையும் அப்படித்தானே இருந்த" என்று மரைக்கார் சிரித்தார். உங்கள் தம்பியும் சிரித்தார் மச்சான், இந்த வீட்டுத் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு.

உங்கள் தம்பி தொலைநோக்கியைத் தூக்கப் போனபோது திரைக்குப் பின்னாலிருந்து சொன்னேன்: "தம்பி, இது எண்ட சீதன வளவு. இஞ்ச கிடக்கிற ஒண்டும் வெளிய போகாது. நீங்க மூணு பேரும் எழும்பிப் போங்க."

போனார்கள். அவர்கள் வாய் வைத்த கோப்பைகளைக் கழுவ எனக்கு மனம் வரவில்லை.

இத்தா முடியட்டும். இந்த வருடம் செவ்வாய்க் கிரகம் கிட்ட வருமென்று சொல்லியிருந்தீர்களே, அதற்குள் தொலைநோக்கியை முற்றத்தில் நானே நிறுத்திப் பூட்டுவேன். பார்க்க ஒருவர், திருப்ப ஒருவர் வேண்டிய வேலை. பார்த்துவிட்டு எழும்பிப் போய்த் திருப்புவேன், திரும்பி வந்து பார்ப்பேன். அது சரியான பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூப்பிடுவேன். மாஸ்டரைக் கூப்பிடமாட்டேன்.

நட்சத்திரம் நூலில் நின்றதும், "ஓம், நிக்குது" என்று சத்தமாகச் சொல்வேன். யாருக்குச் சொல்கிறாய் என்று நீங்களும் கேட்காதீர்கள்.

மாமி மகளாய்ப் பிறந்து உங்கள் பொஞ்சாதியான,
கதீஜா