ஏணியை எடுத்துப் போனவருக்கு

மாமா,

காலையில் பக்கத்து வீட்டுக் கூரைமேல் தார்ப்பாய் விரித்தார்கள். மழையில் நனைந்த அதன் வாடை சமையலறை வரைக்கும் வந்தது. எனக்கு உடனே உங்கள் முகம்தான் நினைவுக்கு வந்தது. செத்தவர்களைத் திட்டக்கூடாது என்கிறார்கள். உயிரோடு இருந்தபோது என்னைத் திட்ட விட்டீர்களா? கணவரின் அண்ணன் முன்னால் நிமிர்ந்து நிற்பதே தப்பு என்றிருந்த காலம் அது.

யுத்தம் நடந்துகொண்டிருந்தது. உங்கள் தம்பி பட்டாளத்தோடு பர்மாப் பக்கம் போனவர். கடிதம் வருவது நின்று போயிருந்தது. நூம்பல் கிராமத்தில் ஒரே ஓட்டு வீட்டை நடுச்சுவர் வைத்துப் பிரித்து, மேற்குப் பாதியில் நீங்களும் கிழக்குப் பாதியில் கைக்குழந்தையோடு நானும் இருந்தோம். அந்தக் கார்த்திகைப் புயலில் புளியமரத்துக் கிளை முறிந்து என் பாதியின்மேல் விழுந்தது. ஓடுகள் நொறுங்கி, வீட்டுக்குள்ளேயே மழை பெய்தது. அடுப்பில் தண்ணீர். நெல் குதிரில் தண்ணீர். குழந்தையைக் கிடத்த ஒரு முழம் உலர்ந்த தரை இல்லை.

புடவையால் தலையை மூடிக்கொண்டு உங்கள் வாசலுக்கு வந்தேன்.

"மாமா, கூரைய மூட யாரையாச்சும் அனுப்புங்க. ஊடெல்லாம் தண்ணி."

நீங்கள் வெற்றிலையை மென்றபடியே சொன்னீர்கள்: "ஆம்பள இல்லாத ஊட்டுக்குக் கூரை இன்னாத்துக்கு? கொயந்தயத் தூக்கினு உன் ஆத்தா ஊட்டுக்குப் போ."

நான் போனால் அந்தப் பாதியும் உங்களுடையது. தம்பி திரும்பமாட்டான் என்று நீங்கள் அதற்குள் முடிவு செய்துவிட்டீர்கள். ஓடு வேய்கிறவனை நானே கூப்பிட்டபோது, "பெரியவரு வர வாணாம்னாரு" என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

எதிர்வீட்டு ஹமீதா பீதான் வந்தாள். அவள் புருஷன் பூந்தமல்லிச் சந்தைக்கு வண்டி ஓட்டுகிறவர். வண்டியை மூடும் பழைய தார்ப்பாயையும் ஏணியையும் கொண்டுவந்து, குழந்தையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

"அவரு வண்டியோட போயிருக்காரு, வந்துருவாரு. அதுவரிக்கும் தாங்குமா?"

மேற்கே வானம் மறுபடி கறுத்துக்கொண்டிருந்தது. புடவையை வரிந்து கட்டிக்கொண்டு நானே ஏறினேன்.

ஓடு பாசியும் ஈரமுமாக வழுக்கியது. உடைந்த இடங்களில் பனையோலையைச் செருகி, அதன்மேல் தார்ப்பாயை இழுத்து, முகட்டுக்கு மேலே ஒரு மூங்கிலை அழுத்திக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் முற்றத்தில் உங்கள் சத்தம் கேட்டது.

"பொம்பள கூரை ஏறுறதா? ஊர்ல நான் தல காட்ட வாணாமா? எறங்குடி!"

"கட்டிட்டு எறங்குறேன், மாமா."

"அப்ப அங்கயே கெட!"

ஏணியைத் தூக்கிக்கொண்டு உங்கள் பக்கம் போய்விட்டீர்கள். "அது எங்க ஏணி, கொடுத்துட்டுப் போங்க!" என்று ஹமீதா கத்தினாள். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கீழே குழந்தை பாலுக்கு அழ ஆரம்பித்தது. மார்பில் பால் கட்டி வலித்தது. மழை மறுபடி பிடித்துக்கொண்டது. அழுதபடியே கயிற்றை முடிந்தேன். அது பயத்தில் வந்த அழுகை இல்லை, மாமா. உங்களைக் கொன்றுவிடலாம் போன்ற ஆத்திரம்.

கடைசி முனையைக் கட்ட வடக்கு மூலைக்கு நகர்ந்தேன். வலது காலை ஊன்றப் போகும் நேரம்.

"அங்க கால வெக்காதே! மரம் கறையான் அரிச்சது! வுயுந்துருவே!"

உங்கள் குரல்தான். கொல்லையில் நின்று பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறீர்கள். காலைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தேன். கால்விரல் நுனி பட்டதற்கே அந்த மூலை ஓடுகள் பொலபொலவென்று உள்ளே சரிந்தன. கூடவே ஓட்டைத் தாங்கிய கைமரமும் முறிந்து, அம்மிக்கல்லின்மேல் போய் விழுந்தது. எட்டிப் பார்த்தபோது நீங்கள் அங்கே இல்லை. ஏணியும் வரவில்லை.

ஹமீதாவின் புருஷன் வந்து, வண்டியைத் தாழ்வாரத்தை ஒட்டி நிறுத்திய பிறகுதான் அதன்மேல் சரிந்து இறங்கினேன். குழந்தையை வாங்கி மார்போடு சேர்த்துப் பால் கொடுத்தேன்.

அந்தத் தார்ப்பாய் மழைக்காலம் முழுவதும் தாங்கியது. நான் எங்கும் போகவில்லை. யுத்தம் முடிந்து உங்கள் தம்பி எலும்பும் தோலுமாக வந்து நின்றார். கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு உங்களிடம் கேட்டார்: "நீ பாத்துகினியா, அண்ணே?"

"நான் இல்லாங்காட்டி உன் பொண்டாட்டி அன்னிக்கே கூரைலேருந்து வுயுந்து செத்திருப்பா."

அவர் உங்கள் காலில் விழுந்தார். கதவுக்குப் பின்னால் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். வெறும் பொய்யாக இருந்திருந்தால் அங்கேயே வெளியே வந்து உங்கள் முகத்தைக் கிழித்திருப்பேன். அதில் இருந்த ஒரு துளி உண்மை என் வாயை அடைத்துவிட்டது. ஏணியைப் பற்றிப் பிறகு அவரிடம் சொன்னேன். "அண்ணன் கோவக்காரரு, மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டாரு" என்றார். நான் வைத்துக்கொண்டேன்.

உங்கள் சாவுக்கு எல்லோரும் அழுதார்கள். நான் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஏன் என்னை விழ விடவில்லை என்று நீங்கள் இருக்கும்போதே கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நீங்கள் ஏதாவது நல்லதாகச் சொல்லிவிடுவீர்களோ என்ற பயத்தில்தான் கேட்கவில்லை.

இப்போதும் பரணில் ஏறும்போது, ஈரப் படியில் இறங்கும்போது, அந்தக் குரல் கேட்கிறது: "அங்க கால வெக்காதே!" ஒரு கணம் நிற்கிறேன். கீழே பார்க்கிறேன். மனதுக்குள் உங்களை நன்றாகத் திட்டிவிட்டு, அடுத்த காலைப் பார்த்து வைக்கிறேன்.