புகார்தாரர் மனநிறைவுடன் சென்றார்

ஜனவரி 12, திங்கள்

இன்றும் நான் போய் உட்கார்ந்ததும் பேச்சு நின்றுவிட்டது. கேன்டீனில் மூலை மேசை, ஐந்து பேர், எல்லாரும் என் வகுப்பு. ஒருத்தி ஹெல்மெட் இல்லாமல் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தண்ணீர் குடிக்க ஆரம்பித்துவிட்டாள். "சொல்லும்மா, நான் டிராஃபிக்ல இல்ல" என்றேன். சிரித்தார்கள். ஆனால் கதை தொடரவில்லை.

பதினாறு வருடம் காவல் நிலையத்துப் புகார் மேசையில் இருந்தவள், படிப்பு விடுப்பு வாங்கிக்கொண்டு நாற்பதாவது வயதில் குற்றவியல் முதுகலை படிக்க வந்தால் இப்படித்தான். இங்கே நான் போலீஸ் அக்கா. பழைய நிலையத்தில் புரொபசரம்மா. இரண்டு இடத்திலும் பட்டப்பெயர் உண்டு; பேச்சுத் துணைதான் இல்லை.

ஜனவரி 15

தங்கை போன் செய்தாள். "தனியா இருந்துக்கிட்டு சமைக்கிறியா இல்லையாக்கா?" சமைக்கிறேன் என்றேன். பொய்.

ஜனவரி 27, செவ்வாய்

ஆய்வுக்குக் கேட்ட மனுக்கள் வந்துவிட்டன. பெண்கள் கொடுத்து, வழக்காகப் பதியாமல் நிலையத்தோடு முடித்துவைக்கப்பட்ட பழைய புகார்கள், மொத்தம் 412. பெயர், முகவரி, எந்த நிலையம், யார் எழுதியது, எல்லாவற்றையும் கறுப்பு மையால் அழித்துத்தான் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் என்ன வார்த்தை சொல்லி முடிக்கப்பட்டது என்று வகை பிரிக்க வேண்டும். "சமரசம்." "குடும்ப விவகாரம்." "அறிவுரை கூறி அனுப்பப்பட்டார்."

என் வழிகாட்டிப் பேராசிரியை என்னைவிட ஏழு வயது சின்னவர். "இதைப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்ச அளவுக்கு இங்க யாருக்கும் தெரியாது" என்றார். ரொம்ப நேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 10

மனு எண் 188. அதை எழுதிய கை என்னுடையது.

பிப்ரவரி 11

பெயரை அழித்தார்கள். எழுத்தை எப்படி அழிப்பது? 'ற'வின் வாலை இப்படிச் சுழிக்கிறவள் நான் ஒருத்திதான். பள்ளியில் அடி வாங்கியும் திருந்தாத சுழி.

தையல் கம்பெனியில் வேலை பார்த்த பெண். வேலை விட்டு வரும்போது ஒருவன் பின்னாலேயே வருகிறான் என்று புகார். அது மூன்றாவது தடவை. முதல் இரண்டு மனுக்களும் கூடவே இருக்கின்றன. கடைசி வரி: புகார்தாரர் மனநிறைவுடன் சென்றார்.

எங்கே மனநிறைவு? சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஷிப்ட் முடிகிற நேரம். "சும்மா சும்மா வந்துடறியேம்மா, வேற வழியா போயேன்" என்றேன். எழுந்து போய்விட்டாள். எனக்கு அந்தப் பக்கத்தை மூட வேண்டும், வீட்டுக்குப் போக வேண்டும். அவ்வளவுதான். அந்த வரியை எழுதினேன்.

நாலாவது மனு இல்லை. ஏன் இல்ல? அவ உயிரோட இருக்காளா? ஐயோ, என்ன பண்ணி வெச்சிருக்கேன் நான்—

பிப்ரவரி 16, திங்கள்

பேராசிரியையிடம் சொல்லிவிட்டேன். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"188-ஐ ஒதுக்கிடலாம். ஒரு அடிக்குறிப்பு போட்டா போதும், யாரும் கேக்க மாட்டாங்க. இல்ல, எழுதலாம். எழுதினா உங்க வேலைக்கு நான் பொறுப்பில்ல."

"நீங்க என்ன சொல்றீங்க மேடம்?"

"யூனிபார்ம் போடறது நானில்லையே. எனக்குச் சொல்றது சுலபம்."

பழைய நிலையத்துக்கு ஒரு போன் போட்டால் அரை மணியில் அவள் முகவரி வந்துவிடும். ஆனால் ஆராய்ச்சி செய்கிறவள் அப்படிப் போய்க் கதவைத் தட்டக்கூடாது. பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிக் குழு, மனு எண்ணை வைத்துக் காவல்துறையிடம் முகவரி வாங்கிக் கடிதம் அனுப்பும். வருவதும் வராததும் அவள் இஷ்டம். நான் யார் என்பதை மறைக்காமல் கடிதம் எழுதிக் கொடுத்தேன்.

மார்ச் 3

பதில் இல்லை.

மார்ச் 19

பதில் இல்லை. தங்கையிடமாவது சொல்லி அழலாம் என்று கூப்பிட்டேன். "பிள்ளைக்குப் பரீட்சைக்கா, அப்புறம் பேசட்டுமா?" என்றாள். சரி என்றேன். அறையில் மின்விசிறி மட்டும் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறது. அதுவாவது இருக்கிறதே.

ஏப்ரல் 2

பழைய இன்ஸ்பெக்டர் பேசினார். எப்படியோ காதுக்குப் போயிருக்கிறது. "நம்ம மானத்தை நீயே கப்பலேத்துறியாம்மா? உன் பேரே அதுல இல்ல. அப்படியே விட்டுட்டுப் போ."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"லீவு முடிஞ்சு இங்கதான் வரணும், ஞாபகம் வெச்சுக்க." வைத்துவிட்டார். பதினாறு வருடத்தில் ஒரு தடவைகூட என்னிடம் குரல் உயர்த்தாத மனிதர்.

ஏப்ரல் 21, செவ்வாய்

வந்தாள். உயிரோடு இருக்கிறாள்.

துறையின் சின்ன அறை. பேராசிரியையும் கூட இருந்தார். மூன்றாவது மனு கொடுத்த அந்த வாரமே வேலையை விட்டு, ஊரையும் விட்டுப் போயிருக்கிறாள். இப்போது வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கிறாள்.

"என்னை மன்னிச்சிடும்மா" என்றேன்.

"அதுக்காக நான் வரல. நாலாவது தடவையும் வந்தேங்க. அது உங்க பேப்பர்ல இருக்காது. அன்னைக்கு அவன் கையைப் புடிச்சு இழுத்தான். உதறிட்டு உங்க ஸ்டேஷன் வாசல் வரைக்கும் வந்தேன். உள்ள நீங்க உக்காந்திருந்தீங்க. பார்த்துட்டுத் திரும்பிப் போயிட்டேன்."

பேனாவை மூடினேன்.

"இதை எழுதுங்க. இப்பவே, என் கண்ணு முன்னாடி."

எழுதினேன். படித்துக் காட்டச் சொன்னாள். 'வேகமாக நடந்தேன்' என்று நான் எழுதிய இடத்தில் நிறுத்தினாள். "நடக்கல. ஓடினேன்." மாற்றினேன். தலையாட்டிவிட்டு எழுந்தாள். பஸ் ஸ்டாப் வரை கூட வரட்டுமா என்று கேட்க நா எழுந்தது. கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன யோக்கியதை?

ஜூன் 30

ஆய்வேடு ஏற்கப்பட்டது. நாலாவது அத்தியாயம் முழுக்க அவள் சொன்னதும் நான் செய்ததும். 'ஒரு காவலர்' என்று எழுதவில்லை, 'நான்' என்றே எழுதியிருக்கிறேன். வகுப்பில் எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். என்னிடம் போனைக் கொடுத்து எடுக்கச் சொன்னார்கள். எடுத்துக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 4

மறுபடியும் வேலை. புகார் மேசை இல்லை, சீருடைக் கிடங்கு. இது தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. பூட்ஸ், பெல்ட், மழைக்கோட்டு. வருகிறவர்கள் சைஸை மட்டும் சொல்கிறார்கள்.

ஆகஸ்ட் 26

இன்று யாரும் வரவில்லை.

செப்டம்பர் 17, வியாழன்

வேறு நிலையத்திலிருந்து ஒரு பெண் காவலர் பூட்ஸ் மாற்ற வந்தாள். எடுத்துக் கொடுத்தேன். போட்டுப் பார்த்தாள், சரியாக இருந்தது. போகாமல் நின்றாள்.

"அக்கா, நாலாவது அத்தியாயம் எழுதினது நீங்கதானே? எங்க ஸ்டேஷன்ல பிரின்ட் எடுத்து ஒளிச்சு வெச்சுப் படிக்கிறோம்."

வாசலை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். குரல் இறங்கியது.

"என்கிட்டயும் அப்படி முடிச்சு வெச்ச மனு ஒண்ணு இருக்குக்கா." பூட்ஸ் கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு, "ஒண்ணு இல்ல. மூணு."

கிடங்கில் இருப்பது ஒரே நாற்காலி. அதை அவள் பக்கம் தள்ளிவிட்டு நான் மழைக்கோட்டுப் பெட்டி மேல் உட்கார்ந்தேன்.

"முதல்ல இருந்து சொல்லு" என்றேன்.