பனிச்சரிவிலிருந்து உம்மை அழைத்த கடிதம்

இன்று காலை உமது மகளிடமிருந்து ஒரு கடித உறை வந்தது. வவுனியா இராணுவச் சோதனையில் யாரோ அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒட்டாமலே விட்டிருந்தார்கள். உள்ளே வழுவழுப்பான தாளில் அச்சிட்ட ஒரு வண்ணப் புத்தகம். குளிர்காலத்தில் மொன்றியல் நகரத்துக்கு வரும் விருந்தினர் என்னென்ன செய்து மகிழலாம் என்று அது சொல்கிறது. உறைந்த குளத்தில் சறுக்கலாம். பனிக்கட்டியில் செதுக்கிய மாளிகைகளைப் பார்க்கலாம். குதிரை இழுக்கும் சறுக்கு வண்டியில் போர்வை போர்த்திக்கொண்டு ஊரைச் சுற்றலாம். நடுப்பக்கத்தில் நகரத்தின் வரைபடம் இருந்திருக்க வேண்டும். அதைக் கிழித்து எடுத்துவிட்டார்கள். எந்த மேட்டிலிருந்து பனியில் சறுக்குவது என்று அக்கராயனில் படங்குத் துணி போர்த்த அகதிக் கொட்டிலில் இருக்கும் எழுபத்தொரு வயதுக் கிழவன் அறிந்துகொண்டால் யாருடைய இராச்சியம் கவிழ்ந்துவிடும்?

முதற்பக்கத்திலேயே அந்தப் புத்தகம் விருந்தினரைப் பார்த்து, நன்றாக உடுத்திக்கொண்டு வாருங்கள், குளிருக்கு அஞ்ச வேண்டாம் என்கிறது. அதை வாசித்ததும் தரையில் வீசினேன். பின்னர் நானே குனிந்து எடுத்தேன். ஏனெனில் ஒரு படத்தை உமது மகள் நீல மையால் வட்டமிட்டு, பக்கத்தில் "அப்பா சறுக்கின இடம்" என்று எழுதியிருந்தாள்.

அவளுடைய கடிதம் ஒரே பக்கம். சுகம் விசாரித்தபின் இப்படி எழுதியிருக்கிறாள்: "மாமா, அப்பா இங்கேயே நிற்பதற்கு விண்ணப்பத்தில் கையெழுத்து வைத்தவர். உங்களுடைய கடிதம் வந்த அன்றுதான் அதைக் கிழித்தவர். இது உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். உங்களில் எனக்குக் கோபம் இல்லை."

எனக்குத் தெரியாது. இரண்டு ஆண்டுகளாகத் தெரியாது. அவளுக்கு இல்லாத கோபம் முழுவதும் இப்போது என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அதில் ஒரு பங்கு உம்மீதுதான்.

நாம் இருவரும் யார் என்பதை நினைத்துப் பாரும். கனகராயன்குளத்துக் கோயிலில் முப்பது ஆண்டுகள் புராணபடனம் செய்தவர்கள். செய்யுளை இராகத்தோடு வாசிப்பவன் நான். அதற்குப் பயன் சொல்பவர் நீர். நான் தபாற்கந்தோரில் போஸ்மாஸ்ரராக இருந்து ஓய்வு பெற்றவன். நீர் ஏர் பிடித்தவர். சந்தி பிரித்து, சீர் கெடாமல், குரல் உடையாமல் வாசிப்பதில் எனக்கு இணை இல்லை என்று நானே நினைத்திருந்தேன். சனம் வந்தது உமது வாயைப் பார்க்க. இதை நான் அறிந்தே இருந்தேன், ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

கயிலையின் பனியைப் பாடும் செய்யுள் வரும்போதெல்லாம் நீர் ஒரு கணம் கண்ணை மூடுவீர். பிறகு இலவம்பஞ்சு என்பீர், திருநீறு என்பீர், பாற்கடலின் நுரை என்பீர். உறைபனியைக் கண்ணாலே காணாத இருவர், காணாத சபைக்கு முப்பது ஆண்டுகளாக அதை விளக்கினோம். அதில் எனக்கு எந்தக் குறையும் தெரிந்ததில்லை.

சண்டை வீதிவழியே ஊருக்குள் வந்தது. நாம் அக்கராயனுக்கு இடம்பெயர்ந்தோம். அங்கே குளக்கட்டுக்குக் கீழே பிள்ளையாருக்குத் தென்னங்கிடுகு வேய்ந்த ஒரு கொட்டில் போட்டு, அதிலே படனத்தைத் தொடங்கினோம். அப்போதுதான் உமது மகள் ஆறு மாத விசாவுக்கு ஒழுங்கு செய்தாள். வெளியேற இங்கே ஒரு பாஸ், உள்ளே போக அங்கே ஒரு பாஸ், கொழும்பிலே ஒரு மாதம் என்று அலைந்து ஓர் ஐப்பசியில் நீர் விமானம் ஏறினீர். "சித்திரைக்குள்ளை வந்திடுவன், ஏட்டைக் கட்டி வையும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனீர்.

பிறகு உமது கடிதங்கள் வந்தன. நீர் பேசுவது போலவே எழுதுகிறவர். முதலாவது கடிதம் இப்படித் தொடங்கியது: "போஸ்மாஸ்ரர், முப்பது வருசம் பொய் சொல்லியிருக்கிறன் காணும். இது பஞ்சில்லை. காலை வைச்சால் நறுக் நறுக்கெண்டு சத்தம் போடுது, நெல்லுச் சாக்குக்கு மேலை நடக்கிற மாதிரி. கயிலையிலை நடந்த அடியாருக்கெல்லாம் இந்தச் சத்தம் கேட்டிருக்கும். நாங்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்லையே!"

அடுத்த கடிதத்தில், மலைமேல் இருக்கும் குளம் இறுகிப் போனதையும், பேரன் உமது காலில் கத்தி பூட்டிய சப்பாத்தை மாட்டிவிட்டதையும் எழுதினீர். "நிக்கேலாமல் ஆடினன். ஒரு கதிரையைத் தந்து, தள்ளிக்கொண்டு போங்கோ தாத்தா எண்டாங்கள். கலப்பை பிடிச்ச கைதானே, மூண்டாம் சாலோடை பிடிபட்டிட்டுது. ஒரு வெள்ளைக்காரக் கிழவி கை தட்டினவா." உறைந்த ஆற்றின்மேல் சிறு மரக்குடில் வைத்து, பனிக்கட்டியில் துளையிட்டு மீன் பிடிப்பதைப் பார்த்திருந்தீர். "நான் சைவக்காரன், சும்மா குந்தியிருந்தன். ஒரு மீன் வந்துது. மருமகன் மீனைப் பார்த்தார், என்ரை முகத்தைப் பார்த்தார், திரும்ப விட்டிட்டார். மீனுக்கு என்னாலை மோட்சம்." மேப்பிள் மரத்துப் பாணியைக் காய்ச்சிப் பனியின்மேல் ஊற்றி, அது இறுகும்போது குச்சியில் சுருட்டித் தின்பார்களாம். எங்கள் பனம்பாணியும் அப்படி இறுகுமா என்று பார்க்க ஆசையாக இருக்கிறது என்று ஒரு முழுப்பக்கம் எழுதியிருந்தீர்.

ஐந்தாவது கடிதத்தோடு அந்தப் படம் வந்தது. வெண்மையான சரிவு, பெரிய றப்பர் ரியூப்பில் மல்லாந்தபடி நீர், காது மூடிய தொப்பி, நெற்றியில் மூன்று குறி, திறந்த வாய். அறுபத்தெட்டு வயது மனிதர் குழந்தையைப் போலக் கூவிக்கொண்டு கீழே வருகிறார். கடிதத்தின் அடியில், மகள் அங்கேயே நிற்கச் சொல்கிறாள், விண்ணப்பம் போடலாமாம், "நீர் என்ன சொல்லுறீர்?" என்று கேட்டிருந்தீர்.

நான் என்ன சொன்னேன்? அதை இங்கே மறைக்கப் போவதில்லை.

அந்த மாதத்தில் உமக்குப் பதிலாகப் பயன் சொல்ல வந்தவர் செய்யுளுக்கு நடுவிலே நித்திரை கொள்வார். கேட்க வந்தவர்கள் ஆறு பேர். அதில் இருவர் மழைக்கு ஒதுங்கியவர்கள். என் குரல் கிடுகில் மோதித் திரும்பி என்னிடமே வந்தது. அந்த அவமானத்தோடுதான் பேனாவை எடுத்தேன். நான்கு பக்கம் எழுதினேன். பனியில் புரள்வது சிவபத்தனுக்கு அடுக்குமா என்று கேட்டேன். அகதியான சனத்தைக் கைவிட்டுக் களிப்பில் இருப்பவன் படித்த புராணம் யாருக்கு என்று கேட்டேன். இறைவன் ஓலை காட்டி அடியவரை ஆட்கொண்டதை நினைவூட்டி, என் கடிதத்தையும் அத்தகைய ஓலையாகக் கொள்ளும் என்று எழுதினேன். கடைசி வரியில் "வாரும்" என்ற ஒரு சொல்.

ஓலை எழுத நான் யார்? எந்தத் தில்லையில், எந்தக் கயிலையில் எனக்கு அந்த அதிகாரம் தரப்பட்டது? தருமம் என்று நான்கு பக்கம் எழுதியவன், என் வாசிப்பைக் கேட்க ஆள் இல்லை என்ற ஒற்றை வரியை எழுதியிருந்தால் அது உண்மைக் கடிதமாக இருந்திருக்கும். நீரும் சிரித்துவிட்டு அங்கேயே நின்றிருப்பீர்.

சித்திரை பிறந்து பத்தாம் நாள் வந்து இறங்கினீர். கொண்டுவந்த பாணித் தகரத்தைச் சோதனையில் பறித்துவிட்டார்கள். கம்பளிக் கையுறையில் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைத் திருப்பித் தந்திருந்தார்கள். "ஏனெண்டு கேட்டன், அவையளுக்கும் தெரியேல்லை" என்று சிரித்தீர்.

"விசா முடிஞ்சுதோ?" என்று கேட்டேன்.

"முடியாமல் என்ன? ஆறு மாதமெண்டால் ஆறு மாதந்தானே."

"என்ரை கடிதம்?"

"வந்தது, வந்தது. நாலு பக்கம். தபாற்கந்தோரிலை இருந்த மனுசன், முத்திரையிலை ஒரு சதமும் மிச்சம் பிடிக்கேல்லை."

விசா முடிந்ததாலேயே வந்தீர் என்று நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. இந்தப் பொய்யை ஏன் சொன்னீர்? அன்றைக்கே சட்டையைப் பிடித்து, உன்னால்தான் வந்தேன் என்று சொல்லியிருக்க வேண்டாமா? என் மனம் நோகக் கூடாது என்று எண்ணினீர். அந்தப் பெருந்தன்மையை நான் கேட்டேனா?

அந்த வாரமே கயிலைச் செய்யுளை எடுக்கச் சொன்னீர். கொட்டில் நிரம்பி வெளியிலும் சனம் நின்றது. நான் வாசித்தேன், நீர் கண்ணை மூடவில்லை. சபையை நேரே பார்த்து, பனி எப்படி விழும், எப்படிச் சத்தமிடும், எப்படிக் காது எரியும் என்று சொன்னீர். முன்வரிசையில் இருந்த பாக்கியம் கையை உயர்த்தினாள். தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே வயல்வேலை செய்யும் பெண்.

"ஐயா, வழுக்கி விழலீங்களா?"

"மூண்டு தரம் பிள்ளை. வேட்டி கட்டாதபடியால் மானம் தப்பிச்சுது."

கொட்டில் குலுங்கியது.

"எங்க தோட்டத்துப் பக்கம் விடியக்காலைல புல்லு மேல வெள்ளையா படியும்ங்க. அதுல நடந்தா காலு செத்துப் போவும். கயிலாயமும் அப்படித்தானுங்களா?"

"அதேதான் பிள்ளை. நீ எனக்கு முந்தியே கண்டிட்டாய். நீ வந்து இதிலை இரு, நான் அங்கை இருந்து கேக்கிறன்."

சனம் அழும்படி சிரித்தது. ஏட்டின் முன்னால் முகம் இறுகி இருந்தவன் நான் ஒருவன்தான். திருமுன்னிலையைச் சந்தையாக்கிவிட்டீர் என்று முடிந்தபின் சொன்னேன். "சிரிச்ச வாயோடை கும்பிட்டால் சாமி கோவிக்குமோ?" என்று கேட்டீர். எனக்குக் கோபம் மட்டும் வந்தது. முப்பது ஆண்டுகளில் நீர் சொன்ன பயன்களில் அதுவே உண்மையானது என்பது இப்போதுதான் புரிகிறது.

மாரி தொடங்கியது. நுளம்பு பெருகியது. கொட்டிலுக்கு ஒருவராக மலேரியா. உமக்கு இருமுறை வந்து மாறியது. மூன்றாம் முறை மாறவில்லை. மதியம் திரும்பும் நேரத்தில் நடுக்கம் ஏறும். நான்கு சாக்கால் மூடினோம். போதாமல் என் சால்வை, அதற்குமேல் படங்கு, அதற்கும் மேலே உமது கால்களின் குறுக்கே நானே கிடந்து அமர்த்தினேன். பல் அடிக்க அடிக்க நீர் சொன்னீர்:

"மொன்றியலிலை கூட இப்பிடிக் குளிரேல்லை, போஸ்மாஸ்ரர்."

உழவு இயந்திரத்தில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மருந்து கொடுக்கும் பெடியன் தலை நிமிராமல், "குளிசை வவுனியாவிலை நிக்குது ஐயா, விடுறாங்களில்லை" என்றான். அவனை நான் நோகவில்லை. நாட்டின் வரைபடத்தில் இல்லாத ஒரு பனி நகரத்தின் வரைபடத்துக்கு அஞ்சுகிறவர்கள் மலேரியாக் குளிசைக்கும் அஞ்சுவார்கள். எந்த யுத்தத்தை எந்தக் குளிசை வென்றது? இதை எழுதும்போது பேனா தாளைக் கிழிக்கிறது. மூன்றாம் நாள் நண்பகலில் நீர் போனீர்.

இந்த இரண்டு ஆண்டுகளும் நான் எப்படி உறங்கினேன் தெரியுமா? ஊழ் என்று உறங்கினேன். விசா முடிந்தது, வந்தார். காய்ச்சல் வந்தது, போனார். என் கடிதம் இடையில் ஒரு கடதாசி மட்டுமே என்று உறங்கினேன். படித்த நூல்கள் அத்தனையையும் அந்த உறக்கத்துக்குத் தலையணையாக வைத்தேன். இன்று உமது மகளின் ஒற்றை வரி அதை இழுத்து எறிந்துவிட்டது.

நாளை உமது திதி. உமக்கு ஆண்பிள்ளை இல்லாதபடியால் எள்ளும் நீரும் இறைப்பவன் நான். போன ஆண்டு ஐயர் சொல்லச் சொல்ல, பெயர் கூறி, எழுந்தருளி வந்து ஏற்றுக்கொள்ளும்படி உம்மை அழைத்தேன். இன்று பின்னேரம் அவரிடம் போய், இம்முறை அழைப்பில்லாமல் செய்ய வேண்டும் என்றேன். இளம் மனிதர், திகைத்துப் போனார்.

"அழைக்காமல் எப்பிடிக் குடுக்கிறது, போஸ்மாஸ்ரர்? வந்து வாங்கத்தானே குடுக்கிறம்."

"வர வேண்டாம். அவர் இருக்கிற இடத்துக்குப் போகட்டும்."

"அப்பிடி ஒரு விதி இல்லையே."

"இல்லாட்டில் விதி இல்லாமல் செய்வம்."

"நீங்களோ இதைச் சொல்லுறது? போன மாதம் ஒரு மந்திரம் குறைஞ்சதுக்கு என்னை எல்லாருக்கும் முன்னாலை ஏசினீங்களே!"

"ஏசினனான்தான். அதையும் சேர்த்துத்தான் சொல்லுறன்."

விதியில் ஓர் எழுத்தையும் விடாதவன் என்பதே என் பெயராக இருந்தது. அந்தப் பெயர் போகட்டும். நாளை தருப்பையை விரலில் மாட்டி, தெற்கே பார்த்து இருப்பேன். எள் விழும், நீர் விழும், உமது பெயரையும் சொல்வேன். அதன்பின் சொல்லவேண்டிய சொல்லை மட்டும் சொல்ல மாட்டேன். ஒருமுறை அழைத்தேன், நீர் வந்துவிட்டீர். இனி எவரையும் எங்கிருந்தும் அழைக்க எனக்கு வாயில்லை.

நீர் கேட்ட கேள்விக்கு அன்று தவறான விடை எழுதினேன். பிந்திப்போன விடை இதுதான்: நில்லும். எங்கே சிரித்துக்கொண்டிருக்கிறீரோ அங்கேயே நில்லும்.