நேச நாட்டுப் பட்டாசு

சைனா டவுன், ரபவுல்,
ஜனவரி 6, 1942

அன்புள்ள கணவருக்கு,

யூக்-லான் வணங்கி எழுதுவது. நானும் பிள்ளைகளும் உங்கள் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. துணி வாங்கச் சிட்னி போன நீங்கள் அங்கேயே மாட்டிக்கொண்டதுகூட நல்லதுக்குத்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

ஹவாயில் ஜப்பான்காரன் சொல்லாமல் கொள்ளாமல் குண்டு போட்டானே, அதன் பிறகு இந்தத் தீவிலிருந்து பெண்களையும் குழந்தைகளையும் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏற்றினார்கள். நானும் மூட்டை கட்டி, சியூ-லினையும் கா-மிங்கையும் இழுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போனேன். வழிமறித்து நின்றவர் நம் கடையில் சட்டை தைத்துக்கொள்கிற துரைதான். "வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்தாம்மா. உங்களைப் பத்தி உத்தரவு ஒண்ணும் வரலை" என்று என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். போட்டிருந்தது நான் காஜா எடுத்த சட்டை. நம் கடைக்கு வருகிற மிஸஸ் ஹாலம் கப்பலேறும்போது தன் கிளிக்கூண்டை என் கையில் திணித்து, "பத்திரமா பாத்துக்கோ" என்று அழுதாள். நல்லவள்தான். ஆனாலும் எனக்கு வயிறு எரிந்தது.

போன சனிக்கிழமை ரேடியோவில் சேதி வந்தது. வாஷிங்டனில் பெரிய தலைவர்கள் கூடி, அமெரிக்கா, இங்கிலாந்து, ரஷ்யாவோடு நம் சீனாவும் ஒரே அணி என்று கையெழுத்தாகிவிட்டதாம். உங்கள் அப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. "இனிமே நாம நேச நாட்டுக்காரங்க. கப்பல்ல ஏத்தமாட்டேன்னு எவன் சொல்றான் பாப்போம்" என்று, அடுத்த மாதம் வரும் நம் புத்தாண்டுக்கு வைத்திருந்த பட்டாசுச் சரத்தைக் கடை வாசலில் தொங்கவிட்டுக் கொளுத்திவிட்டார். வெடி போடாமல் எந்த நல்ல காரியத்தையும் தொடங்கத் தெரியாதே நம் ஆட்களுக்கு. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஊரோ குண்டு விழுகிறது என்று பதுங்குகுழிக்குள் பாய்ந்தது. ஒரு துரை பாதி சவரத்தோடு ஓடினார்.

போலீஸ் வந்து, "எதிரிக்குச் சைகை காட்டுறியா கிழவா?" என்று அவரை இழுத்துப்போய்ச் சாயங்காலம்வரை உட்காரவைத்தது. வந்தவர் சோற்றைத் தொடவில்லை. "நேச நாடுன்னு சொன்னேன். சிரிச்சாங்க" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் நிஜமாகவே விமானங்கள் வந்தன. சத்தம் கேட்டதும், "தாத்தா மறுபடியும் வெடி போடுறாரு" என்று கா-மிங் தெருவுக்கு ஓடினான். காலைப் பிடித்து உள்ளே இழுத்தேன். விமானத்தளத்துப் பக்கம் பாவப்பட்ட சனங்கள் நிறையப் பேர் செத்துப்போனார்கள். இப்போது கதவைச் சாத்தினாலே பிள்ளை மேசைக்கடியில் போய்விடுகிறான். இங்கிருக்கும் சிப்பாய்கள் கைவிரல் விட்டு எண்ணுகிற அளவுதான். உதவிக்கு யாராவது வருவார்களா என்று கேட்டால், அவர்களே நம்மிடம் அதைத்தான் கேட்கிறார்கள்.

திரும்பி வரக் கப்பல் தேடுவதாக எழுதியிருந்தீர்கள். உங்கள் காலில் விழுகிறேன், வராதீர்கள். அங்கே அதிகாரிகள் யாராக இருந்தாலும் தினமும் போய் நில்லுங்கள். எங்கள் நாடும் உங்களோடுதானே கையெழுத்துப் போட்டது என்று கேளுங்கள். எனக்குக் கப்பலில் இடம் கேட்க வேண்டாம். உங்கள் அப்பாவைத் தனியே விட்டு நான் வரமுடியாது. பிள்ளைகளுக்கு மட்டும் கேளுங்கள்.

ஒரே இடம்தான் என்று சொன்னார்களானால், எந்தப் பிள்ளை என்று நீங்களே சொல்லிவிடுங்கள். என்னைக் கேட்டு மட்டும் எழுதாதீர்கள்.

நீங்கள் நூறு வயது இருக்க வேண்டும்.

உங்கள்
யூக்-லான்