தொடர்கதையின் அடுத்த பகுதியைச் சொல்லும்படி மிரட்டப்படுவது குறித்து

அனுப்புநர்:
ப. எழில்மதி (வயது 21),
த/பெ பச்சமுத்து,
காலனி, நைனார்பாளையம்,
கள்ளக்குறிச்சி வட்டம்,
தென்னாற்காடு மாவட்டம்.

பெறுநர்:
வட்டாட்சியர் அவர்கள்,
வட்டாட்சியர் அலுவலகம்,
கள்ளக்குறிச்சி.

பொருள்: கல்வராயன் மலைப் பக்கம் ஆள் வைத்துத் தேடப்படும் சந்தியா, ஜீவா ஆகிய இருவரின் உயிருக்கும் மனுதாரராகிய எனக்கும் உடனடிப் பாதுகாப்புக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பிளஸ் டூ தேறி, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருப்பவள். இதுவரை அழைப்பு வராததால், எங்கள் ஊர்ப் பெரிய விவசாயி திரு. ராமசாமி அவர்களின் கொட்டகையில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைக்கும் கூலி வேலைக்குப் போகிறேன். அங்கே எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. மற்றப் பெண்கள் உடைத்துக்கொண்டிருக்க, வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதையை நான் உரக்கப் படிப்பேன். கதை ஓடும்போது பேச்சு நின்றுபோகிறது, கை வேகமாகிறது. அதனால் முதலாளி தடை சொன்னதில்லை.

2. பத்திரிகை வாங்க வீட்டுக்குத் தெரியாமல் காசு தந்தவர் முதலாளியின் மகள் சந்தியா (வயது 20). அவர்கள் வீட்டில் பெண்பிள்ளை கதைப் புத்தகத்தைத் தொடக் கூடாது. ஆனால் வேலை நடப்பதற்காகக் கூலிக்காரிகள் கதை கேட்பதில் தவறில்லை. ஆகவே உடைத்த பருப்பைப் பார்க்க வந்தவர் போலக் கொட்டகை வாசலில் நின்று அவர் கேட்பார். இளவரசி முகிலரசியும் ஓடக்காரன் மகனும் காதலித்துத் தப்பி ஓடும் கதை அது. அவர்களிடம் ஒரு மந்திரப் போர்வை இருக்கிறது. போர்த்துக்கொண்டால் எவர் கண்ணுக்கும் தெரியமாட்டார்கள். இத்தகைய கதைகள் மேல் எனக்கு மதிப்புக் கிடையாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அவற்றில் யாரும் கூலிக்குப் போவதில்லை. யாருக்கும் சாதி இல்லை. கடைசியில் ராஜா மனம் மாறிவிடுகிறார். எங்கள் ஊரில் எந்த ராஜாவும் மனம் மாறி நான் பார்த்ததில்லை.

3. இம்மாதம் இடஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியலில் புளியமரங்களை வெட்டி ரோட்டில் போட்டதைத் தாங்கள் அறிவீர்கள். கோரிக்கையைப் பற்றி இந்த மனுவில் நான் எதுவும் சொல்ல வரவில்லை. வேலைக்காகக் காத்திருப்பவள் நானும்தான். பஸ் வரவில்லை, பஸ்ஸில் வரும் பத்திரிகைக் கட்டும் வரவில்லை. முகிலரசி அரண்மனை மதிலைத் தாண்டிய இடத்தில் கதை நின்றுபோயிருந்தது. என்னோடு வேலை செய்யும் சின்னப்பொண்ணு, “பஸ்ஸு நின்னா நிக்கட்டும் மதி. உன் வாய்க்கு குறுக்கால எவன் மரத்த வெட்டிப் போட்டான்? நீயே ஒண்ணு எடுத்து வுடேன்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் எடுத்துவிட்டேன்.

4. எனக்கு அரண்மனையும் தெரியாது, கடலும் தெரியாது. தெரிந்ததைத்தான் சொல்ல முடிந்தது. இருவரும் வடக்கனந்தல் பக்கம் போய், அணையைச் சுற்றிக்கொண்டு மலையேறுகிறார்கள் என்றேன். மலையில் சாமைக் கூழ் கொடுத்து, இருக்க ஒரு குடிசையும் கொடுக்கிறார்கள் என்றேன். “ஏண்டி, ராஜா வூட்டுப் பொண்ணு கூழு குடிக்குமா?” என்று கூட உடைக்கும் இருசம்மாள் கேட்டார். பசித்தால் குடிக்கும் என்றேன். அப்போது வாசலில் நின்ற சந்தியா முதல்முறையாக வாய் திறந்து, “அங்க அவங்கள யாருன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்களா?” என்றார். கேட்க மாட்டார்கள் என்று நான் பதில் சொன்னேன்.

அது பொய் ஐயா. ஒருமுறை களையெடுக்க மலைக்குப் போயிருக்கிறேன். தலையில் இருந்த மூட்டையை இறக்குவதற்குள் எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்று கேட்டுவிட்டார்கள்.

5. மறியல் முடிவதற்குள் ஒருநாள் சந்தியா வீட்டில் இல்லை. அதே நாளில் எங்கள் காலனியைச் சேர்ந்த, முதலாளியின் டிராக்டரை ஓட்டிவந்த ஜீவாவும் (வயது 24) இல்லை. சைக்கிளில் போனார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். கார் தாண்ட முடியாத மரத்தைச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தாண்டிவிடலாம். துரத்த நினைத்தவர்களின் ஜீப் ஊர் எல்லையிலேயே நின்றுவிட்டது. இருவரும் மேஜர். யாரும் யாரையும் கடத்தவில்லை. அவர்கள் பழகியது எனக்குத் தெரியாது என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யவும் தயார்.

6. ரோடு திறந்ததும் பத்திரிகை வந்தது. சந்தியாவின் தாய்மாமன் திரு. சிவசங்கர் அதைக் கடையிலேயே பிரித்துப் படித்திருக்கிறார். அச்சான கதையில் இளவரசி கப்பலேறிப் போகிறாள். மலை என்ற பேச்சே இல்லை. அதற்குள் கொட்டகைப் பெண்களை மிரட்டி, நான் சொன்ன கதை முழுவதையும் அவர் கேட்டு வாங்கியிருந்தார். நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, “புஸ்தகத்துல இல்லாதது உன் வாயில எப்படிடி வந்துச்சு? அவங்க போற வழி உனக்குத் தெரிஞ்சிருக்கு. கதைன்னு சொல்லி வழி காட்டி அனுப்பியிருக்க” என்றார். நானே கட்டிச் சொன்னேன் என்றேன். “மல்லாட்ட ஒடைக்கிறவ கத கட்டுறாளாம்” என்று உடன் வந்தவர்கள் சிரித்தார்கள். நான் உளவு சொல்லியிருப்பேன் என்பதை அவர்களால் நம்ப முடிகிறது. ஒரு கதையைக் கட்டியிருப்பேன் என்பதை நம்ப முடியவில்லை.

7. அன்றிலிருந்து தினமும் மாலையில் என்னைக் கொட்டகைக்குக் கூட்டிப்போகிறார்கள். பெண்கள் உட்கார்ந்திருந்த சாக்குகளில் ஆண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மம்முட்டிக் காம்பு, வீச்சரிவாள் எல்லாம் சுவரில் சாய்த்து வைத்திருக்கும். “உம், மேல சொல்லு. மல ஏறிட்டாங்க. அப்புறம் எங்க போனாங்க?” என்று கேட்கிறார்கள். மறுத்த அன்று சிவசங்கர் கத்தவில்லை. எங்கள் கூரையைப் பற்றி மெதுவாகப் பேசினார். “உங்க வூடு கீத்துதானே? மழ வேற கம்மி இந்த வருசம்” என்றார். என் தகப்பனார் அவர் எதிரில் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.

8. ஆகவே சொல்கிறேன். நான் எந்த இடத்தைச் சொல்கிறேனோ அங்கே மறுநாள் மோட்டார் சைக்கிளில் ஆள் போகிறது. அச்சில் வந்தபடியே கப்பலில் போய்விட்டார்கள் என்று முதலில் சொல்லிப் பார்த்தேன். “பஸ்ஸுக்குச் சில்லற இல்லாத பய கப்பல்ல போய்ட்டானா? நம்புற மாதிரி சொல்லு” என்று கன்னத்தில் அறைந்தார்கள். நம்புகிற மாதிரி சொல்ல ஆரம்பித்தேன். சங்கராபுரத்தில் ஒரு கல்யாண மண்டபம் என்றேன். ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலை என்றேன். போய்விட்டு வெறுங்கையோடு வந்து அடித்தார்கள். பிறகு மறுபடியும் உட்கார்ந்து கேட்டார்கள். அவர்களில் முனியன் என்பவர், “அந்தப் பொண்ணு அழுதுச்சா?” என்று நிஜமாகவே கேட்டார். மற்றவர்கள் அவரைக் கிண்டல் செய்தார்கள். எனக்கு அவர் கேள்விதான் அதிக பயத்தைத் தந்தது. அவர் கதையை ரசித்துக்கொண்டிருந்தார். நாளை அவரே அரிவாளோடு போவார்.

9. காவல் நிலையத்துக்கு என் தகப்பனாரோடு போனேன். பெயர் தெரியாத ஓர் ஏட்டையா மட்டும் இருந்தார். “எல்லாரும் பந்தோபஸ்துக்குப் போய்க்கினு கீறாங்க. கதை கேட்டாங்கன்னு எந்தச் செக்‌ஷன்ல கேஸ் போடறது, நீயே சொல்லு” என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒருவர் வெட்டுப்பட்டால் எந்தச் செக்‌ஷன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அதுவரை நான் காத்திருக்க முடியாது என்பதால்தான் தங்களிடம் வருகிறேன்.

10. இனிச் சொல்லப்போவதுதான் இந்த மனுவுக்குக் காரணம். முந்தாநாள் சொல்வதற்கு எனக்கு இடம் தீர்ந்துவிட்டது. மலையில் மனித நடமாட்டமே இல்லாத ஓர் இடத்தைச் சொன்னால் அலைந்துவிட்டுத் திரும்புவார்கள் என்று நினைத்து, அணைக்கு மேலே ஓடையை ஒட்டிய, யாரும் இல்லாத ஒரு சாமைக் காட்டுக் காவல் குடிசை என்றேன். அப்படி ஒரு குடிசையை நான் பார்த்ததே இல்லை. நேற்று அவர்கள் ஜீவாவின் சைக்கிளோடு திரும்பி வந்தார்கள். ஓடைக்குக் கீழே புதரில் தழை போட்டு மூடி வைத்திருந்ததாம். செயின் கவரில் சிவப்புப் பெயின்ட்டில் அவர் பேர் இருக்கிறது. குடிசையும் இருந்ததாம். உள்ளே அடுப்புச் சாம்பல் சூடாக இருந்ததாம்.

நேற்று என்னை யாரும் அடிக்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்கள். “நாளைக்கி மீதிய சொல்லிடு, உன்ன வுட்டுடறோம்” என்றார் சிவசங்கர்.

11. அந்த இருவரும் எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இப்போது அதைச் சொல்லவே பயமாக இருக்கிறது. சந்தியாவும் நானும் ஒரே கதைகளைத்தான் இத்தனை வருடமும் கேட்டோம். ஒளிய இடம் வேண்டுமென்றால் எனக்குத் தோன்றுவதுதான் அவருக்கும் தோன்றுகிறது. நான் பொய்யாகச் சொல்லும் இடத்தில் அவர் மெய்யாகவே இருக்கிறார். இன்று மாலை நான் எதைச் சொன்னாலும், சொல்லாமல் இருந்தாலும், யாருக்காவது ஆபத்து. தெரியாமல் காட்டிக்கொடுப்பதை எப்படித் தவிர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

12. எனவே தாங்கள் கருணை கூர்ந்து, வனத்துறையினரையும் மலைக் கிராமத்து அலுவலர்களையும் அந்த ஓடைப் பக்கம் இன்றே அனுப்பி, சிவசங்கரின் ஆட்கள் போவதற்கு முன்பாக இருவரையும் மீட்டு, விருப்பப்படி வாழ வழிசெய்து, தங்கள் முன்னிலையில் வாக்குமூலம் பெறும்படி வேண்டுகிறேன். என்னை இன்று மாலைக்குள் ஏதாவது ஒரு காவலில் வைக்க வேண்டுகிறேன். மகளிர் விடுதி இல்லையென்றால் லாக்கப்பும் சம்மதம். என்ன வழக்கு வேண்டுமானாலும் போடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். என் வாயை அவர்கள் காதுக்கு எட்டாத இடத்தில் வைத்தால் போதும். எங்கள் வீட்டுக்கு ஒரு காவலரையாவது நிறுத்த வேண்டுகிறேன்.

பொழுது சாயும்போது என்னைக் கூட்டிப்போக ஆள் வரும். காலை முதல் பஸ்ஸில் வந்து, தங்கள் அலுவலக வராந்தாவில் இந்த மனுவோடு உட்கார்ந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ப. எழில்மதி

இடம்: கள்ளக்குறிச்சி
நாள்: 29.9.1987

குறிப்பு: இம்மனுவுக்குத் தபாலில் பதில் அனுப்ப வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். காலனிக்கு வரும் தபாலைத் திரு. ராமசாமி அவர்களின் வீட்டில்தான் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.